எழுவாய் யார்?
ஒரு தம்பியின் திரைக்கதையை முன்வைத்து

உடையார்பாளையத்தில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தத் தம்பி ஓடிவந்து ஒரு கட்டைக் கையில் திணித்தான். சுருள் கம்பி போட்டுக் கட்டிய 138 பக்கம். "படிச்சிட்டு நல்லாருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லுங்கக்கா, ஞாயித்துக்கெழம போன் பண்றேன்" என்றான். அன்றைக்கு வியாழன். நான் பதில் சொல்ல மூன்று வாரம் ஆனது. அவனிடம் சொன்னதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. நான் பார்த்தவரை இன்று நம் சேரிகளில் கவிதை எழுதுகிற பிள்ளைகளைவிடத் திரைக்கதை எழுதுகிற பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். அதை உட்கார்ந்து வாசித்து, எது நிற்கிறது எது விழுகிறது என்று சொல்ல நம்மிடம் ஆள் இல்லை.

நம்மிடம் விமர்சனம் என்பது இரண்டு வகைதான். ஒன்று மாலை, இன்னொன்று செருப்பு. நம்ம ஆள் எழுதியது என்றால் மாலை. நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதியது என்றால் பெரும்பாலும் செருப்பு. செருப்பு தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவன் மறுநாள் காலையில் உட்கார்ந்து ஒரு காட்சியைத் திருத்தி எழுத முடியாது.

எனக்கே நடந்தது. எம்.ஏ. படிக்கும்போது எழுதிய முதல் கதையை இலக்கியம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது கதையில்லம்மா, புகார் மனு. கலெக்டர் ஆபீசுல குடுக்க வேண்டியது" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு வருசம் நான் பேனாவைத் தொடவில்லை. அந்தக் கதையில் குறை இருந்தது, இப்போது எனக்கே தெரிகிறது. எந்தப் பத்தியில், எந்த வரியில் என்று அவர் காட்டியிருந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்திருப்பேன். காட்டவில்லை. திருத்துவதற்கு வழி விடாத விமர்சனம் தீண்டாமையின் இன்னொரு வடிவம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அதனால் இந்தத் தம்பியின் கட்டைப் பென்சிலோடு படித்தேன். பேனாவால் எழுதவில்லை. பென்சில் என்றால் அவன் அழிக்கலாம்.

கதை இதுதான். ஐப்பசி மழையில் சேரியில் ஒரு கிழவி செத்துப்போகிறாள். சுடுகாட்டுக்குப் போகும் வயல் வரப்பு தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. ஊர்த்தெரு வழியாகத்தான் பாடையைக் கொண்டுபோக வேண்டும். ஊர் மறிக்கிறது. பிணம் ஒன்றரை நாள் கிடக்கிறது. சென்னையிலிருந்து ஒரு இளம் வக்கீல் வருகிறார், நீதிமன்றத்தில் வாதாடுகிறார், உத்தரவு வாங்குகிறார், பாடை ஊர்த்தெருவில் போகிறது. மொத்தம் 71 காட்சி.

முதலில் நிற்கிற காட்சிகளைச் சொன்னேன். நான்காவது காட்சியில் கிழவியின் மூக்குத்தி கழலவில்லை. மகள் தேங்காயெண்ணெய் தடவித் தடவித் திருகுகிறாள், அழவில்லை. பதினோராவது காட்சியில் குளிர்பெட்டி வாடகைக்குக் கேட்டுப் போன் பண்ணுகிறார்கள். கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசுகிறார். "எந்தத் தெரு?" என்று கேட்கிறார். தெருவைச் சொன்னதும் "பெட்டி வெளிய போயிருக்கு" என்கிறார். அவ்வளவுதான் காட்சி. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு அடி இல்லை. சாதி எப்படிப் பேசும் என்று தெரிந்தவன் எழுதியது. ஓரத்தில் 'இதைத் தொடாதே' என்று எழுதினேன். நன்றாக வந்ததைச் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை திருத்தும்போது அதையே வெட்டிவிடுவார்கள்.

பிறகு பென்சிலை எடுத்து வேறொரு வேலை செய்தேன். தமிழ் படித்தவள் செய்கிற வேலை. ஒவ்வொரு காட்சியிலும் எழுவாய் எது, பயனிலை எது என்று கோடு போட்டேன். வக்கீல் 29ஆவது காட்சியில் வருகிறார். அதற்குப் பிறகுள்ள 42 காட்சிகளில் 31 காட்சியில் வினையெல்லாம் அவருடையது. வருகிறார், கேட்கிறார், கண்டுபிடிக்கிறார், வாதாடுகிறார். நம் பெண்களுக்கு மூன்றே வினைதான் மிச்சம்: அழுகிறார்கள், பார்க்கிறார்கள், கும்பிடுகிறார்கள். சேரி முழுக்கச் செயப்படுபொருளாகிவிட்டது. அடிக்கவும்படுகிறது, காப்பாற்றவும்படுகிறது.

போன் பண்ணி, "நடந்தது என்னாடா?" என்று கேட்டேன். அவன் அப்பாயி சாவில் நடந்த கதை அது. "போலீஸ் வந்ததும் ஆம்பளைவோ எல்லாம் முந்திரிக் காட்டுக்குள்ள ஓடிட்டாங்கக்கா. எங்க அத்தைவோதான் பாடையத் தூக்கிட்டுப் போயி நடுத்தெருவுல எறக்கி வச்சிட்டு சுத்தி ஒக்காந்துட்டாங்க. தாசில்தாரு வர்ற வரைக்கும் எந்திரிக்கல" என்றான். பொம்பளை சுடுகாட்டுப் பக்கமே போகக்கூடாது என்று வைத்திருக்கிற ஊரில் நாலு பொம்பளைகள் பாடை தூக்கியிருக்கிறார்கள்! அது 138 பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏன் என்றேன். சென்னையில் ஒரு கம்பெனியில் கதை சொல்லப் போனானாம். கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, ஹீரோ எப்ப வர்றாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே வக்கீலை எழுதியிருக்கிறான்.

இதை அவன் தனிப்பட்ட குறை என்று நான் பார்க்கவில்லை. நம் பக்கம் நிற்கிற பெரிய படங்களிலும் இந்த இழுப்பு இருக்கிறது. அவனுக்கு ஒரு படத்தை எடுத்துச் சொன்னேன். எங்க மண்ணோடு சம்பந்தப்பட்ட படம்.

2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்'. த.செ. ஞானவேல் எழுதி இயக்கியது. 1993 மார்ச்சில் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது. அடித்துக் கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டான் என்றது. உடல் கிடைத்தது எங்கே தெரியுமா? மீன்சுருட்டி போலீஸ் எல்லையில். உடையார்பாளையம் தாலுகாவில் இருக்கிற அதே மீன்சுருட்டி. முதனை அன்றைக்குத் தென்னார்க்காடு. மீன்சுருட்டி அன்றைக்குத் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் மாவட்டம் 1995இல்தான் பிரிந்தது, அரியலூர் 2001இல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டால் அது யாரோ ஒருத்தன் பிணம், கேட்பாரற்ற சடலம். அந்த வருசம் எனக்கு இரண்டு வயசு. பஸ்ஸில் மீன்சுருட்டியைக் கடக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த வழக்கு ஞாபகம் வருகிறது. ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதி விடவில்லை. கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். சந்துரு அப்போது வழக்கறிஞர், ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் தண்டனை வந்தபோது வருசம் 2006.

படத்தில் நிற்கிற காட்சிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். தொடக்கக் காட்சி. சிறை வாசலில், விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் வீட்டுக்குப் போகிறது, இன்னொரு பக்கம் பழைய வழக்குகளுக்காக மறுபடி வண்டியில் ஏறுகிறது. வழக்கு என்ற சொல்லுக்கு நம் ஆட்களிடம் என்ன அர்த்தம் என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டார் இயக்குநர். செங்கேணி போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்துப் பிள்ளையோடு நடக்கிறாள், ஜீப் அவள் பின்னால் ஊர்ந்து வருகிறது. உயரதிகாரி பணம் தந்து சமாதானம் பேசும்போது மறுக்கிறாள். இந்த இரண்டு காட்சியிலும் எழுவாய் செங்கேணி. அவள் நடக்கிறாள், அரசாங்கம் பின்னால் வருகிறது. தமிழ் சினிமாவில் இப்படி ஒரு வாக்கியம் அரிது.

இப்போது விழுகிற இடம். வக்கீல் வந்த பிறகு படத்தின் தடயங்களை எல்லாம் அவரும் போலீஸ் உயரதிகாரியும்தான் கண்டுபிடிக்கிறார்கள். செங்கேணி நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கிறாள். நிஜத்தில் அந்த வக்கீல் இருந்தார், நேர்மையாக இருந்தார், காசு வாங்காமல் வாதாடினார். அதை யாரும் குறைக்க முடியாது. என் கேள்வி வேறு. பார்வதி வக்கீலிடம் வந்து சேருவதற்குள் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பாள்? ஸ்டேஷனில் அடிபட்டவளும் அவள்தான், பார்த்ததைச் சொன்ன சாட்சியும் அவள்தான். அந்த அலைச்சலில் இன்னும் இரண்டு காட்சி இருந்திருந்தால் வக்கீல் சின்னவராகியிருக்க மாட்டார், செங்கேணி பெரியவளாகியிருப்பாள்.

இன்னொன்று. நிஜத்தில் ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளர். படம் வந்த உடனேயே குறவர் அமைப்புகள் இதைக் கேட்டன. இருளர்களின் பட்டா, சாதிச் சான்றிதழ் பிரச்சினைகளைப் பேச இயக்குநருக்குக் காரணம் இருந்திருக்கலாம். அதனால் நன்மையும் நடந்தது. ஆனால் குறவர் என்ற பெயரோடு ஒரு வரலாறு சேர்ந்து வருகிறது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதில் பட்டியலிடப்பட்டவர்களில் குறவர்கள் முக்கியமானவர்கள். 1947இல் இங்கே சட்டம் போய்விட்டது, ஸ்டேஷன் பழக்கம் போகவில்லை. ஊரில் ஒரு நகை காணாமல்போனால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதற்கு விடை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பெயரை மாற்றும்போது அந்த விடையும் கைநழுவுகிறது. திரைக்கதை எழுதுகிறவனுக்கு நான் சொல்வேன்: சாதியின் பெயர் வாக்கியத்தின் எழுவாய். எழுவாயை மாற்றினால் வினையும் மாறும்.

மூன்றாவதாக ஒன்று. இது படத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். யாரும் எழுதாத ஒரு காட்சி. எல்லை தாண்டிக் கிடக்கிற பிணத்தை எடுத்துப்போட்டது யாருடைய கை? ராஜாக்கண்ணு வழக்கைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். எங்க தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். ரோட்டோரத்தில், கிணற்றில், ரயில் தண்டவாளத்தில் எங்கே அனாதைப் பிணம் கிடந்தாலும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். ராத்திரி என்று சொல்ல முடியாது, மழை என்று சொல்ல முடியாது. கூலி ஒரு சாராய பாட்டில், சில நாளைக்கு அதுவும் இல்லை. எங்காயா சொல்லும்: ஒருதரம் ஒரு சின்ன வயசுப் பையனைப் புதைச்சிட்டு வந்து ரெண்டு நாள் சோறு திங்கலையாம். "சட்ட பொத்தானு அவுந்து கெடந்துச்சு, போட்டுவுட்டுட்டு மண்ணத் தள்ளுனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பையன் உடம்பில் என்ன காயம் இருந்தது என்று பார்த்த ஒரே சாட்சி எங்க தாத்தா. அவரை யாரும் கேட்கவில்லை, எந்தக் கோர்ட்டும் கூப்பிடவில்லை. அரசாங்கத்தின் கொலையை மறைக்கவும் நம் கைதான் வேண்டியிருக்கிறது. இந்தக் கையை ஒரு திரைக்கதை காட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். தம்பிக்கும் சொன்னேன். உன் கதையில் குழி வெட்டுகிறவர் இரண்டு காட்சியில் வருகிறார், ஒரு வசனம் இல்லை. ஊர் மறிக்கிறபோது அவர் எங்கே நிற்கிறார்? அதை எழுது.

அடுத்தது வில்லன். பாதையை மறிக்கிற ஊர்ப் பெரியமனுசனுக்குத் தம்பி ஒரு காரணம் வைத்திருந்தான். இளவயதில் அவர் சேரிப் பெண் ஒருத்தியை விரும்பி அவமானப்பட்டவராம், அந்த வன்மமாம். இங்கே ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்தியாக வேண்டும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் காரணம். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்ய அகாதமி விருது. அந்த நாவலில் பண்ணையாரின் ஆண்மைக்குறை வன்முறைக்கு ஊற்றாகக் காட்டப்படுகிறது. இடதுசாரிகளும் தலித் விமர்சகர்களும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: கூலி எங்கே போனது, நிலம் எங்கே போனது? ஒருவனுடைய உடம்புக் கோளாறாக ஆக்கிவிட்டால் மற்ற மிராசுகள் எல்லாம் யோக்கியர்களாகிவிடுகிறார்கள். தம்பியின் பெரியமனுசனுக்கும் இதே கதிதான். அவருடைய காதல் தோல்வியை எடுத்துவிட்டால் ஊர் நல்ல ஊராகிவிடும்.

அதற்குப் பதில் என்ன எழுதுவது? எடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது விமர்சகனின் சோம்பேறித்தனம். நான் சொன்னது இது. கிழவியோடு முப்பது வருசம் ஒரே முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிய ஊர்ப் பொம்பளை ஒருத்தி இருப்பாள் இல்லையா, அவள் சாவு கேட்டு நிஜமாகவே கண்கலங்கட்டும். பாடை தெருமுனைக்கு வரும்போது அவளும் கதவைச் சாத்தட்டும். கெட்டவன் சாத்துகிற கதவைவிட நல்லவள் சாத்துகிற கதவுதான் சாதி. 2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு பூவையும் வைத்து நின்றுவிடுகிறது. அங்கே வில்லனும் இல்லை, வசனமும் இல்லை. குளிர்பெட்டிக் காட்சியை எழுதத் தெரிந்தவனுக்கு இது கைகூடாதா?

வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்பியின் ஆட்கள் எல்லாம் மதுரைத் தமிழ் பேசுகிறார்கள். உடையார்பாளையத்துக்காரன் எதற்கு "வாங்கண்ணே, போங்கண்ணே" என்று சினிமா மதுரை பேசவேண்டும்? நம்ம பக்கத்து 'ஆளுவோ', 'புள்ளைவோ', 'வூடு' எல்லாம் எங்கே போச்சு? கேட்டதற்குச் சிரித்தான். "அது படத்துல எடுபடாதுக்கா" என்றான். எடுபடாது என்று யார் முடிவுசெய்தது? பூமணி எழுதும்வரை கரிசல்காட்டுச் சேரிப் பேச்சு நாவலில் எடுபடாது என்றுதான் இருந்தார்கள். அவர் 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படத்தையும் எடுத்துக் காட்டினார்.

வக்கீலைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. கம்பெனிக்காரனுக்கு வக்கீல் வேண்டும், தம்பிக்குப் படம் வேண்டும். அந்த நெருக்கடி தெரியாமல் மேடையில் நின்று பேசுகிறவள் இல்லை நான். வக்கீல் 50ஆவது காட்சிக்கு மேல் வரட்டும். இடைவேளை நடுத்தெருவில் பாடை இறங்குகிற இடத்தில் விழட்டும். வக்கீல் மனு எழுதிப் படித்துக் காட்டும்போது மூத்த அத்தை ஒரு இடத்தில் நிறுத்தட்டும்: "கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்னு எழுதாத சாமி. நாங்க யாரையும் கெஞ்சல." வக்கீல் அடித்துவிட்டு எழுதட்டும். ஹீரோ எப்ப வர்றாரு என்று அடுத்த முறை கேட்டால், நான்காவது காட்சியிலேயே மூக்குத்தி கழற்றிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்.

இதெல்லாம் நான் சொன்னது. அவன் சொன்னதையும் எழுதியாக வேண்டும். அவன் கதையில் அப்பா குடிகாரர். தன் அம்மா சாவிலும் குடித்துவிட்டுத் திண்ணையில் கிடக்கிறார். அதை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தேன். சேரி என்றாலே குடிகாரன் என்று காட்டிக்காட்டியே சினிமா நம்மைக் கேவலப்படுத்தியது போதும், நாமும் காட்ட வேண்டுமா என்று ஓரத்தில் காட்டமாகவே எழுதியிருந்தேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எங்கப்பா அன்னைக்கு குடிச்சிருந்தாருக்கா. பொணத்த வச்சிக்கிட்டு ஊர்க்காரன்ட்ட கெஞ்சப் போயி, அவன் துப்புனதுக்கப்புறம் குடிச்சாரு. அத எடுத்தா எங்க அத்தைவோ ஏன் தூக்குனாங்கன்னே புரியாது."

எனக்குப் பதில் இல்லை. நம் ஆட்களைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் நானும் ஒரு எழுவாயை அழிக்கப் பார்த்திருக்கிறேன். யாருக்குச் சுத்தமாகக் காட்ட? கதவைச் சாத்துகிறவர்களுக்கா? அந்தப் பென்சில் குறிப்பை நானே ரப்பர் வைத்து அழித்தேன். அப்பா துப்பு வாங்கிய காட்சி திரைக்கதையில் இல்லை, அதை மட்டும் எழுது என்றேன். சரி என்றான். மதுரைத் தமிழைப் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தோழர்களே, உங்களிடமும் இப்படிக் கட்டுகள் வரும். நேரமில்லை என்று திருப்பித் தராதீர்கள். நல்லாருக்கு என்று சொல்லியும் அனுப்பாதீர்கள். பக்க எண் போட்டுப் பேசுங்கள். எடுக்கச் சொன்னால் என்ன வைப்பது என்றும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது தப்பு என்று அந்தப் பிள்ளை சொன்னால் கேளுங்கள், நடந்த இடத்தில் அந்தப் பிள்ளைதான் இருந்தது. கம்பெனிக்காரன் கால் மணி நேரத்தில் ஹீரோவைக் கேட்டுவிடுகிறான். நாம் மூன்று வாரமாவது எடுத்துக்கொண்டு அந்த அத்தைகளைக் கேட்க வேண்டாமா?

கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தம்பி மறுபடி எழுதுகிறான். போன வாரம் போன் பண்ணி, "எங்க மூத்த அத்தைக்குப் படிச்சுக் காட்டுனேன்க்கா, பாடைய எறக்கி வச்ச எடம் தப்பாம், கோயிலுக்கு நேராத்தான் வச்சாங்களாம்" என்றான். மாத்திட்டியா என்று கேட்டேன். "மாத்திட்டேன்" என்றான்.